கோவளத்துக் கொட்டாரம்

சொந்த ஊருக்குச் சென்றும் விடுதியில் தங்க நேர்ந்த அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு. மும்பையிலோ தில்லியிலோ பெங்களூரிலோ முப்பது ஆண்டு உத்தியோகம் பார்த்துவிட்டு, ஒரு கல்யாணத்தை முன்னிட்டு ஊர் திரும்பினால், பாட்டனார் கட்டிய வீடு பங்காளிகளுக்குள் பாகமாகியிருக்கும், அல்லது விலைபோயிருக்கும். ரயிலடிக்கு எதிரே ஒரு விடுதியில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, பிறந்த தெருவை விருந்தாளியைப் போல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். திண்ணையில் யாரோ அமர்ந்திருக்கிறார்கள். "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்கிறார்கள்.

இந்த நிலை நம் போன்றோருக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஒரு நாட்டை ஏழாண்டுக் காலம் ஆண்ட மகாராணிக்கும் நேர்ந்தது. அவர் குடும்பம் இளைப்பாறுவதற்கென்று கடலோரத்தில் எழுந்த மாளிகை இன்று பணம் கொடுப்போர் யாவரும் தங்கும் ஹோட்டலாக இருக்கிறது. அவரோ தம் வாழ்வின் பிற்பகுதியை அயல் மாநிலத்து நகரமொன்றில் கழித்து, அங்கேயே காலமானார். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளம் கடற்கரைக் குன்றின்மேல் நிற்கும் அந்த மாளிகையின் கதையே இன்றைய பேச்சின் பொருள்.

அண்மையில் அங்கே ஓர் இரவு தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நாஞ்சில் நாட்டிலிருந்து மும்பைக்குக் குடிபெயர்ந்த நண்பர் ஒருவர், தம் மகளின் திருமணத்தை அந்த ஹோட்டலில் நடத்தினார். ஊரில் வீடு இல்லை. மணமகன் வீட்டாருக்கோ கடற்கரை வேண்டும். ஓர் இரவுக்குரிய வாடகையைக் கேட்டபோது, நம் தகப்பனார் ஓய்வுபெற்ற காலத்தில் வாங்கிய ஓராண்டுச் சம்பளம் நினைவுக்கு வந்தது. வாடகையே பெரிது. கொடுத்தவர் நண்பராதலால் நாம் வாய் திறக்கவில்லை.

கோவளம் என்ற பெயரில் ஊர்கள் பல உண்டு. சென்னைக்குத் தெற்கே ஒன்று. கன்னியாகுமரிக்கு அருகே ஒன்று. நாம் பேசும் கோவளம் திருவனந்தபுரம் நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருப்பது. கடலுக்குள் நீட்டிய பாறைகள் கரையைப் பிறைப் பிறையாக வெட்டியிருக்கின்றன. தென்னைகள் நீர்விளிம்புவரை வந்து நிற்கின்றன. தென்கோடியில் கலங்கரை விளக்கம், அதற்கப்பால் விழிஞம்.

விழிஞத்தை வெறும் மீன்பிடித் துறை என்று எண்ணிவிடுதல் கூடாது. பொதியமலை தொட்டுத் தென்கடல்வரை ஆண்ட ஆய் மன்னர்களின் கோநகராக விளங்கியது அவ்வூர். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் படையெடுத்துவந்து அக்கோட்டையை வென்றான் என்று அவன் செப்பேடு கூறுகிறது. பின்னர்ச் சோழரும் வந்தனர். அங்கே பாறையைக் குடைந்து அமைத்த சிறு கோயில் ஒன்றும் இருக்கிறது. கோயிலின் புறச்சுவரில் சிவனும் பார்வதியும் பாதி செதுக்கிய நிலையில் நிற்கின்றனர். சிற்பி ஏன் உளியைக் கீழே வைத்தானோ! போர் வந்திருக்கலாம், கூலி நின்றிருக்கலாம்.

நாம் ஆய் மன்னரைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. இந்நிலப்பகுதியில் தங்குமிடத்தின் வரலாறு அவர்களிடமிருந்தே நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. கோக்கருநந்தடக்கன் என்னும் ஆய் மன்னன் கி.பி. 866ஆம் ஆண்டில், முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரம் என்ற ஊரை அமைத்து, திருமாலுக்குக் கோயில் எடுத்து, அதனோடு ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்றால் இங்கே பாதையன்று. மாணவர் உண்டு உறங்கிக் கல்வி கற்கும் இல்லம். 95 பேருக்கு அங்கே இடம். அவர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும், தவறினால் என்ன தண்டம் என்பன எல்லாம் செப்பேட்டில் பொறிக்கப்பட்டுள்ளன. இன்றைய மாணவர் விடுதிக் கண்காணிப்பாளர் எவரேனும் அதைப் படித்தால், தமக்கு முன்னோர் இருந்தனர் என்று மகிழ்ந்துபோவார். அந்த 95 இடங்களும் வேதம் ஓதும் இன்ன இன்ன பிரிவினருக்கு இத்தனை இத்தனை என்று வகுக்கப்பட்டிருந்தன. அடுப்பு எரிந்தது, பாய் விரிந்தது, ஆனால் யாருக்கு என்பது பிறப்பினால் முடிவாகியிருந்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இம்முறை மாறவில்லை என்பதைத்தான் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஊட்டுப்புரைகள் காட்டுகின்றன. ஊட்டுப்புரை என்ற சொல் நாஞ்சில் நாட்டாருக்குப் பழக்கமானது. பிறருக்காக ஒரு வார்த்தை. வழிப்போக்கருக்கு அரசாங்கச் செலவில் இலவசமாக உணவளித்த சத்திரமே ஊட்டுப்புரை. ஆரல்வாய்மொழிக் கணவாய் கடந்து நாகர்கோவில், தக்கலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் இத்தகைய ஊட்டுப்புரைகள் இருந்தன. பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றவர்கள், ஆயிரம் பேருக்கு மேல் பந்தியில் அமரத்தக்க இரண்டடுக்கு ஊட்டுப்புரை ஒன்றைப் பார்த்திருப்பார்கள். திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலை அடுத்து அக்கிரசாலை இருந்தது. ஆறாண்டுகளுக்கு ஒருமுறை 56 நாள் நடைபெறும் முறஜபத்தின்போது அந்நகருக்குச் செல்லாத தென்பாண்டி வைதிகர் அரிது. மூட்டையில் ஒரு மாற்று வேட்டி இருந்தால் போதும். திருநெல்வேலியிலிருந்து அனந்தபுரிவரை கையில் காசில்லாமல் நடந்து, வயிறு காயாமல் திரும்பலாம்.

இதைச் சொல்லும் முதியோர் சிலர், "அந்தக் காலத்துத் தருமம் இப்போது உண்டா?" என்று பெருமூச்சு விடுவதுண்டு. அவர்களோடு நாம் உடன்பட இயலவில்லை. அந்த நெடுஞ்சாலையில் அதே வெயிலில் உப்பு மூட்டை சுமந்து நடந்தவனுக்கும், பனை ஏறிக் கருப்புக்கட்டி காய்ச்சி விற்க வந்தவனுக்கும் அந்த ஊட்டுப்புரையின் வாயில் திறக்கவில்லை. பெரும்பாலும் அந்தணருக்கென்றே அமைந்த தருமம் அது. சமைத்தது அரசாங்கம், அரிசி விளைந்தது எல்லோருடைய வரியிலும் உழைப்பிலும். சில கோயில்களைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கே உரிமையில்லாத மக்களுக்கு இலை போடுவார் யார்?

ஊட்டுப்புரையில் இடமில்லாதவன், அல்லது அதை நாடாதவன், அக்காலத்தில் அந்நகரில் எங்கே தங்குவான்? தெரிந்தவர் வீட்டில். தெரிந்தவர் இல்லையென்றால் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வரவேண்டும். 1892ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இளம் துறவி ஒருவர் அப்படித்தான் வந்தார். கொச்சியிலிருந்து வழித்துணையாக வந்த சமஸ்தானச் சேவகர் ஒருவர் உடனிருந்தார். இருவரும் சுந்தரராம ஐயர் என்ற தமிழர் வீட்டு வாசலில் நின்றனர். ஐயர், திருவிதாங்கூர் இளவரசருக்கு ஆசிரியராக இருந்தவர். வந்த துறவி முதலில் சொன்னது, உடன் வந்தவருக்கு உணவு கொடுங்கள் என்பதே. அந்தச் சேவகர் முஸ்லிம். துறவியோ இரண்டு நாட்களாகச் சிறிது பால் தவிர வேறெதுவும் உட்கொள்ளவில்லை. இருந்தும், வழித்துணைவர் உண்டு விடைபெறும்வரை தம்மைப் பற்றிய பேச்சுக்கே அவர் இடங்கொடுக்கவில்லை என்று ஐயரே பின்னாளில் எழுதிவைத்தார். அத்துறவிதான் விவேகானந்தர் என்பதை நேயர்கள் ஊகித்திருப்பீர்கள்.

ஒன்பது நாள் அவர் அங்கே தங்கினார். அப்போது மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவரும், முந்தைய ஆண்டில் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டவருமான சுந்தரம் பிள்ளை அவரைச் சந்தித்துப் பேசினார். அந்நகரில் தங்கிவிட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தின் திண்ணையில் நடந்த உரையாடல்கள் அவை. அங்கிருந்து புறப்பட்ட துறவி கன்னியாகுமரிக்குச் சென்றார். பிற செய்திகள் யாவரும் அறிந்தவை. நமக்கு இங்கே வேண்டியது அந்த முதல் வாக்கியமே. ஒரு வீட்டில் இவனுக்கும் இலை உண்டா என்று கேட்டாக வேண்டிய நிலை இருந்தது. கேட்பதற்கு அவரைப் போன்ற ஒருவர் வேண்டியிருந்தார்.

நிற்க. மாளிகைக்கு வருவோம்.

1924ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலமானார். பட்டத்துக்கு உரிய சித்திரைத் திருநாள் பன்னிரண்டு வயது நிரம்பாத பாலகர். எனவே மூத்த ராணியான சேது லட்சுமி பாய் ரீஜண்டாகப் பொறுப்பேற்றார். ஓவியர் ரவிவர்மாவின் பேத்தி அவர். அரசு வந்த வேளையோ வைக்கம் போராட்டம் கொழுந்துவிட்டெரிந்த வேளை. ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து, அவ்வாண்டில் அங்கே சிறையும் சென்றதை நாம் அறிவோம். 1925 மார்ச்சில் வர்க்கலையில் காந்தியடிகள் மகாராணியை நேரில் கண்டு பேசினார். அவ்வாண்டு இறுதிக்குள், ஒரு பக்கம் நீங்கலாக, வைக்கம் கோயிலைச் சுற்றிய சாலைகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. எஞ்சிய வழியும் கோயில்களும் திறப்பதற்கு 1936 நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1931 நவம்பரில் ரீஜண்டு ஆட்சி முடிந்தது. அதற்கு அடுத்த ஆண்டில், மகாராணியின் கணவர் ராமவர்மா வலிய கோயில் தம்புரான் கோவளத்துக் குன்றின்மேல் இந்த மாளிகையைக் கட்டினார். மருமக்கள்தாய முறையில் அரச உரிமை பெண்வழியே செல்வது. ராணியின் கணவர் அரசராவதில்லை. அத்தகைய ஒருவர், ஆட்சிப் பொறுப்பிலிருந்து விடுபட்ட மனைவியும் குழந்தைகளும் வந்து காற்று வாங்குவதற்கென்று கட்டிய வீடு இது. அரண்மனை என்று அழைத்தாலும் தர்பார் மண்டபத்தின் மிடுக்கு இதில் இல்லை. திருமலை நாயக்கர் மகாலை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாற்றமடைவர். வெள்ளைச் சுவர்கள், தூண்கள் தாங்கிய முன்முகப்பு, கடலை நோக்கிய மேல்மாடம். மொத்தத்தில் வசதியான ஒரு குடும்பத்தின் கோடை வீடு. உள்ளூரார் அதைக் கொட்டாரம் என்றனர்.

வைத்த பெயர் மட்டும் ஆங்கிலப் பெயர்: ஹால்சியன் காஸில். ஹால்சியன் என்பது மீன்கொத்திக்குக் கிரேக்கர் இட்ட பெயர். அப்பறவை நடுக்கடலில் கூடு கட்டி முட்டையிடும் என்றும், அந்நாட்களில் காற்றும் அலையும் அடங்கியிருக்கும் என்றும் அவர்கள் ஒரு கதை சொன்னார்கள். அதனால் அமைதியான நாட்களுக்கே அப்பெயர் ஆகிவந்தது. அரசியல் புயலிலிருந்து கரையேறிய குடும்பத்தின் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கடினம். கோவளத்தில் மீன்கொத்திகளும் நிறைய உண்டு; காலையில் மின்கம்பிமேல் வரிசையாக அமர்ந்திருந்ததை நாமே கண்டோம்.

அமைதி நெடுநாள் நீடிக்கவில்லை. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றிணைந்தன. 1956 நவம்பர் முதல் நாளன்று கேரள மாநிலம் பிறந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தெற்குத் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் தமிழக எல்லைக்குள் இருந்துகொண்டே கேரள அரசின் பராமரிப்பில் நீடிப்பது, எல்லைக்கோடு விட்டுவைத்த ஒரு வேடிக்கை. அரச குடும்பத்தாரின் பெரிய இல்லங்களைப் பேணுவது நாளுக்கு நாள் அரிதாயிற்று. 1950களின் பிற்பகுதியில் சேது லட்சுமி பாய் திருவனந்தபுரத்தை விட்டுப் பெங்களூரில் குடியேறினார். பூஜப்புரையில் அவர் வாழ்ந்த சாட்டல்மண்ட் அரண்மனை பின்னர்ச் சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்கு இடமாயிற்று. இதயத்துக்குரிய செயற்கை வால்வுகளை ஆராய்ந்து உருவாக்கியது அப்பிரிவு. 1985இல் பெங்களூரிலேயே மகாராணி காலமானார். பெங்களூரில் வாழும் தமிழ் நேயர்களே, உங்களில் மூத்தோர் அந்நகர வீதியில் என்றேனும் அவருடைய காரைக் கடந்து சென்றிருக்கவும் கூடும். ஒரு காலத்தில் அவர் கார் வந்தால் திருவனந்தபுரத்துச் சாலையில் எல்லோரும் ஒதுங்கி நிற்பார்கள்.

கோவளத்து மாளிகை 1964இல் கேரள அரசுக்கு விற்கப்பட்டது. அரண்மனைகள் விடுதிகளாவது அக்காலத்தில் இந்தியா முழுவதும் நிகழ்ந்ததுதான். ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957இலும், உதயப்பூர் ஏரியின் நடுவே நிற்கும் அரண்மனை 1963இலும் ஹோட்டல்களாயின. ஐரோப்பாவிலும் அதே கதை. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் ஓபர்வேசல் என்ற சிறு நகருக்கு மேலே, குன்றின்மேல் நிற்கும் ஷோன்பர்க் கோட்டையில் இன்று பயணிகள் தங்கி, கீழே படகுகள் செல்வதைப் பார்த்துக்கொண்டு காலை உணவு உண்கிறார்கள். ஜெர்மானியருக்கும் கோவளத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆயுர்வேதச் சிகிச்சையை நாடி இங்கே வருவோரில் அவர்கள் தொகை கணிசமானது. நாம் தங்கிய அன்றும் உணவுக்கூடத்தில் பக்கத்து மேசையில் ஜெர்மன் மொழிதான் கேட்டது. எண்ணெய் வடியும் தலையோடு கஞ்சி அருந்திக்கொண்டிருந்த ஒரு முதியவர், நம் தட்டிலிருந்த பூரியை ஏக்கத்தோடு பார்த்தார்.

1966இல் தோன்றிய இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கைக்கு மாளிகையும் குன்றும் 1970ஐ ஒட்டி வந்தன. மாளிகையின் அறைகள் மட்டும் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போதா. புதுக் கட்டடம் வேண்டியிருந்தது. அதை வரைந்தவர் சார்லஸ் கொரியா. அகமதாபாத்தில் வாழும் நேயர்கள் சபர்மதி ஆசிரமத்துக் காந்தி நினைவு அருங்காட்சியகத்தைப் பார்த்திருப்பீர்கள். போபால் நேயர்கள் பாரத் பவனில் நாடகம் பார்த்திருப்பீர்கள். இரண்டும் அவர் கைவண்ணமே. இன்று நாம் காணும் வழக்கப்படி, அழகிய குன்று ஒன்று கையில் கிடைத்தால் அதன் தலைமேல் பத்து மாடி எழுப்புவதே இயல்பு. கொரியா அவ்வாறு செய்யவில்லை. குன்றின் சரிவையே பின்பற்றி, படிக்கட்டுகளைப் போல அறைகளைக் கீழ்நோக்கி அடுக்கினார். ஒவ்வோர் அறைக்கும் கடலை நோக்கிய திறந்த முற்றம் ஒன்று கிடைத்தது. கடற்கரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் குன்று குன்றாகவே இருக்கிறது; கட்டடம் அதன் மடியில் படுத்திருக்கிறது. உச்சியில் பழைய மாளிகை தனக்குரிய இடத்தை இழக்காமல் நிற்கிறது. 1974 அளவில் வேலை முடிந்தது. கோவளம் அசோக் என்று அந்த ஹோட்டல் பெயர் பெற்றது.

அரசாங்கத்தின் ஹோட்டலாக அது சுமார் முப்பது ஆண்டுகள் நடந்தது. பிறகு 2002இல், பொதுத்துறை நிறுவனங்களை விற்கும் கொள்கையின்கீழ் மத்திய அரசு அதைத் தனியாருக்கு விற்றது. கேரளத்தில் இது பெரும் சர்ச்சையாயிற்று. ஹோட்டலை விற்றது சரி. அதோடு வரலாற்றுச் சின்னமான மாளிகையும் போயிற்றே என்று கேட்டனர். 2005இல் லீலா குழுமம் அதை வாங்கியது. அவ்வாண்டிலேயே மாளிகையையும் நிலத்தையும் மீட்பதற்கென்று கேரளச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. 2011இல் ஹோட்டல் ஆர்.பி. குழுமத்துக்குக் கைமாறியது. கடைசியில் 2017 ஜூலை மாதத்தில், உரிமை குறித்துச் சிவில் வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மாளிகையை ஹோட்டல் உரிமையாளரிடம் ஒப்படைக்க மாநில அமைச்சரவை முடிவு செய்தது.

இவ்வளவு வழக்கும் ஏன் என்று கேட்கலாம். மன்னர்கள் நினைவில் உருகியவர்கள் மட்டும் போராடவில்லை. செங்கொடி பிடித்தவர்களும் போராடினார்கள். 1964இல் அந்தக் கட்டடம் அரசுடைமை ஆனபோது, நேற்றுவரை வெளியே நின்றவன் இன்று அதற்குப் பங்காளி ஆனான் என்ற எண்ணம் ஊரில் ஊன்றிவிட்டது. அந்தப் பங்கு கையைவிட்டுப் போவதைத்தான் அவர்களால் ஏற்க இயலவில்லை. நாம் இருதரப்பு வாதங்களையும் படித்தோம். ஹோட்டல் நடத்துவது அரசாங்கத்தின் வேலையா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் ஒரு நாட்டின் வரலாற்றில் இடம்பெற்ற வீட்டை நாற்காலி, மேசை, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றோடு சேர்த்து ஒரே பத்திரத்தில் விற்றது சரியென்று நமக்குத் தோன்றவில்லை. திருவனந்தபுரம் நகருக்குள்ளேயே ஓர் எதிர் உதாரணம் இருக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் ஆங்கிலப் படை அதிகாரிகள் தங்குவதற்காக எழுந்தது என்று சொல்லப்படும் மாஸ்கட் ஹோட்டலைக் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமே நடத்துகிறது.

மீண்டும் நம் திருமணத்துக்கு வருவோம். மணமகளின் பாட்டியார் பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் பிறந்தவர். தொண்ணூறை நெருங்கும் வயது. அவ்வூர் கோவளத்திலிருந்து சில மைல் தூரம்தான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாலராம வர்மா மன்னர் காலத்தில் தெற்கிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட தமிழ் நெசவாளர் வழியினர் அவர்கள். வந்த காலத்தில் அவர்களும் புலம்பெயர்ந்தோரே. அவர்கள் நெய்த மெல்லிய வெள்ளைக் கசவு முண்டைத்தான் திருவிதாங்கூர் அரண்மனைப் பெண்டிர் உடுத்தினர். ஆகவே கோவளத்துக் கொட்டாரத்தின் உள்ளே பாட்டியாரின் தறித் துணி சென்றிருக்கிறது. அவர் சென்றதில்லை. சிறுமியாக இருந்தபோது தகப்பனாரோடு ஆடி அமாவாசைக்குக் கடலாட வந்த நாளில், கீழே மணலில் நின்று மதிலைப் பார்த்ததாகச் சொன்னார். "மதில் மட்டும் தெரியும், மக்களே. அதுக்குமேல தென்னை ஓலை தெரியும். அவ்வளவுதான்."

திருமணத்துக்கு முந்தைய நாள் மாலை அவரை மாளிகைக்கு அழைத்துச் சென்றார்கள். சக்கர நாற்காலி படியேறாது; பேரன்மார் இருவர் தூக்கிச் சென்றனர். நாமும் பின்னே போனோம். மேல்மாடத்தில் நின்றால் வலப்புறம் கோவளத்தின் பிறைக்கரை, இடப்புறம் விழிஞம். இருட்டத் தொடங்கியது. 1972இல் அமைந்த கலங்கரை விளக்கம் தன் ஒளிக்கையை வீசத் தொடங்கிற்று. அதற்கப்பால் 2025 மே மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய துறைமுகத்தின் விளக்குகள். பெரும் சரக்குக் கப்பல் ஒன்று வாயிலில் நின்றது. பாண்டியனும் சோழனும் எதற்காக இந்தத் துறையின்மேல் கண்வைத்தார்களோ அந்தக் காரணம் இன்னும் அப்படியே இருக்கிறது: கரையை ஒட்டியே ஆழம், கிழக்கும் மேற்கும் செல்லும் கப்பற்பாதையும் அருகில்.

நண்பர் தம் தாயாருக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தார். மகாராணி இங்கே உட்கார்ந்திருப்பார், இந்த வழியாகக் கடலுக்குப் போயிருப்பார் என்று தாமே நேரில் கண்டதுபோல் சொன்னார். ஆச்சி பாதி கேட்டார். கழுத்தை நீட்டி, மதிலுக்குக் கீழே மணற்பரப்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கீழே பத்துப் பன்னிரண்டு பேர் கரைமடி வலையை இழுத்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்கருகில் ஒரு சிறு பெண் தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆச்சி கையசைத்தார். அவ்வளவு தூரத்தில் அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பிறகு நம் பக்கம் திரும்பினார். "இங்க தங்க யாருக்கு வேணும்னாலும் குடுப்பாங்களா, மக்களே?" என்று கேட்டார்.

"பணம் கட்டினால் கொடுப்பார்கள், ஆச்சி" என்றோம்.

"எவ்வளவு?"

நண்பர் நம்மைப் பார்த்துக் கண்ணால் சைகை செய்தார். நாம் தொகையைச் சொல்லவில்லை. ஆச்சியும் மறுபடி கேட்கவில்லை. காப்பி எப்போது வரும் என்று பேரனைக் கேட்டார்.